எட்டுக் கால்களின் முற்றுகை: 'அராக்னோஃபோபியா' படம் காட்டும் அச்சமும் நகையும்

திகிலையும் நகைச்சுவையையும் ஒரே படத்தில் சேர்த்து வைத்தால் ஒன்று மற்றொன்றைக் கெடுத்துவிடும் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. அஞ்சிக்கொண்டிருப்பவர் சிரித்துவிட்டால் அச்சம் கலைந்துபோகும், சிரித்துக்கொண்டிருப்பவர் அஞ்சத் தொடங்கினால் சிரிப்பு அடங்கிவிடும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். 1990ஆம் ஆண்டு ஜூலையில் அமெரிக்காவில் வெளியான 'அராக்னோஃபோபியா' என்னும் திரைப்படம் இக்கருத்துக்கு வலுவான மறுப்பாக நிற்கிறது. நச்சுச் சிலந்திகள் ஒரு சிற்றூரைக் கைப்பற்றும் கதையைச் சொல்லும் இப்படம், சிலந்தியிடம் மனிதன் கொள்ளும் அச்சத்துக்கும் சிலந்தியால் உண்மையில் நேரும் ஆபத்துக்கும் இடையே பெரும் இடைவெளி இருக்கிறது என்பதை அறிந்து, அந்த இடைவெளியிலிருந்தே தன் திகிலையும் சிரிப்பையும் எடுத்துக்கொள்கிறது. சிலந்தியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோடு அச்சத்தைக் குறிக்கும் சொல்லைச் சேர்த்து, சிலந்தியைக் கண்டால் அடக்க முடியாமல் எழும் அச்ச நோய்க்கு உளவியலார் இட்ட பெயரே படத்தின் பெயராகவும் அமைந்தது.

இதை இயக்கிய ஃபிராங்க் மார்ஷல் அதற்கு முன்பு தயாரிப்பாளராகப் பெயர் பெற்றவர். ஸ்டீவன் ஸ்பீல்பெர்க், கேத்லீன் கென்னடி ஆகியோருடன் சேர்ந்து ஆம்ப்லின் நிறுவனத்தை நிறுவிய அவர், பாம்புகள் நிறைந்த நிலவறைக் காட்சிக்காக இன்றும் பேசப்படும் 'ரெய்டர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்' படத்தைத் தயாரித்தவரும் ஆவார். அவர் இயக்கிய முதல் படம் 'அராக்னோஃபோபியா'; டிஸ்னி குழுமம் தொடங்கிய ஹாலிவுட் பிக்சர்ஸ் என்னும் பிரிவு வெளியிட்ட முதல் படமும் இதுவே. திகிலும் நகைச்சுவையும் கலந்தது என்று விளம்பரங்களிலேயே வெளிப்படையாக அறிவிக்கப்பட்ட இப்படம், வட அமெரிக்காவில் மட்டும் 5 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது.

சவப்பெட்டியில் வந்த விருந்தாளி

கதை வெனிசுவேலாவின் காட்டில் தொடங்குகிறது. அந்நாட்டின் தென்கிழக்கில், சுற்றியுள்ள காட்டிலிருந்து செங்குத்தாக எழுந்து உச்சியில் மேசைபோல் தட்டையாக விரியும் மலைகள் உள்ளன. டெபுயி என்று அழைக்கப்படும் அவற்றின் உச்சிகள் கீழ்நிலத்திலிருந்து நெடுங்காலம் துண்டிக்கப்பட்டிருந்ததால், உலகில் வேறெங்கும் காணப்படாத உயிரினங்கள் பல அங்கே தனித்து உருவாகியுள்ளன. அத்தகைய ஓர் இடத்தில் ஆய்வு நடத்தும் ஜேம்ஸ் ஆதர்ட்டன் என்னும் பூச்சியியலாளரின் குழு, அதுவரை அறியப்படாத பெருஞ்சிலந்தி ஒன்றைக் காண்கிறது. குழுவோடு சென்ற ஒளிப்படக் கலைஞரை அச்சிலந்தி கடிக்க, அவர் இறந்துபோகிறார்; அவருடைய உடலைச் சொந்த ஊருக்கு அனுப்பும் சவப்பெட்டிக்குள் சிலந்தியும் யாரும் அறியாமல் புகுந்துகொள்கிறது.

அந்தச் சொந்த ஊர் கலிபோர்னியாவில் உள்ள கனைமா என்னும் கற்பனைச் சிற்றூர். வெனிசுவேலாவில் டெபுயி மலைகளை உள்ளடக்கிய தேசியப் பூங்காவின் பெயரும் கனைமாதான் என்பதால், எங்கோ தொலைவில் உள்ள காடும் அன்றாட வாழ்க்கை நடக்கும் ஊரும் பெயரளவில் முன்பே பிணைக்கப்பட்டுவிடுகின்றன. சவப்பெட்டியிலிருந்து வெளியேறிய சிலந்தியைக் காகம் ஒன்று கவ்விச் செல்ல, கடிபட்ட காகம் வானிலிருந்து விழும் இடம், சான் பிரான்சிஸ்கோவின் பரபரப்பை விட்டு அமைதியான வாழ்க்கையை நாடி மனைவி மக்களோடு அங்கே குடிவந்திருக்கும் ராஸ் ஜென்னிங்ஸ் என்னும் மருத்துவரின் வீட்டு வளாகம். அங்குள்ள தானியக் களஞ்சியத்தில் அந்த அயல்நாட்டுச் சிலந்தி உள்ளூர் வீட்டுச் சிலந்தியோடு இணைசேர, தாயைப் போலச் சிறிதாகவும் தந்தையைப் போல நஞ்சு மிக்கதாகவும் நூற்றுக்கணக்கான குஞ்சுகள் பிறந்து ஊரெங்கும் பரவுகின்றன. சிலந்தியைக் கண்டாலே உடல் விறைத்துப்போகும் அளவுக்கு அஞ்சுபவர் இந்த மருத்துவர். தொட்டிலில் கிடந்த குழந்தைப் பருவத்தில் தன்மேல் ஊர்ந்த ஒரு சிலந்தியின் நினைவை அவர் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறார்.

ஊரும் புதியவரும்

படத்தின் முதற்பாதியைத் தாங்கி நிற்பது சிலந்தியைவிட ஊரே. ஓய்வு பெற்று வழிவிடுவதாகச் சொன்ன முதிய மருத்துவர் மெட்கஃப் மனம் மாறிவிடுகிறார். நோயாளிகள் அவரை விட்டு வர மறுக்கிறார்கள். புதிய மருத்துவரை நம்பி வரும் முதல் நோயாளியான ஓய்வு பெற்ற ஆசிரியை சில நாட்களில் இறந்துபோக, அடுத்து அவர் பரிசோதித்த ஓர் அமெரிக்கக் கால்பந்து வீரரும் உயிரிழக்க, ஊர் அவருக்கு மரணத்தின் பெயரையே பட்டப்பெயராகச் சூட்டிவிடுகிறது. பிணங்களை ஆராய்ந்தால் உண்மை தெரியும் என்று அவர் கேட்பதை அதிகாரத்தில் இருப்பவர்கள் நெடுநேரம் செவிமடுப்பதில்லை.

ஆபத்தை முதலில் உணர்ந்தவரின் சொல் ஊராரிடம் எடுபடாமல் போவது, 1975இல் வெளிவந்த 'ஜாஸ்' படத்துக்குப் பிறகு விலங்குத் திகில் படங்களில் நிலைபெற்ற கட்டமைப்பு. 'அராக்னோஃபோபியா' அதில் ஒரு நுட்பமான மாற்றம் செய்கிறது. இங்கே ஊரார் அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாமல், அஞ்சத் தேவையில்லாத ஒரு நல்ல மருத்துவரைக் கண்டு அஞ்சுகிறார்கள். அந்த மருத்துவரோ நஞ்சற்ற சாதாரணச் சிலந்தியைக் கண்டும் நடுங்குகிறார். இவ்வாறு அச்சம் இடம் மாறி விழுவதே படத்தின் மையப்பொருள் என்பதால், சிலந்திகள் கூட்டமாகத் திரையை நிறைப்பதற்கு வெகுநேரம் முன்பே பார்வையாளர் அந்தப் பொருளுக்குள் வந்துவிடுகிறார்.

பேருருவிலிருந்து உள்ளங்கை அளவுக்கு

சிலந்திகள் ஊரைத் தாக்கும் படங்களுக்கு ஹாலிவுட்டில் நீண்ட மரபு உண்டு. ஜாக் ஆர்னல்டு இயக்கிய 'டரான்டுலா' (1955) படத்தில் ஆய்வகத்திலிருந்து தப்பிய சிலந்தி ஒரு மலையளவுக்கு வளர்ந்து அரிசோனா பாலைவனத்தில் உலவுகிறது. 1977இன் 'கிங்டம் ஆஃப் தி ஸ்பைடர்ஸ்' படத்தில் பூச்சிக்கொல்லியால் இரை அழிந்துபோனதால் சிலந்திகள் திரண்டு ஊருக்குள் வருகின்றன. 2002இல் எல்லரி எல்காயெம் இயக்கிய 'எய்ட் லெக்ட் ஃப்ரீக்ஸ்' படத்திலோ, நச்சுக் கழிவால் பேருருவம் எடுத்த சிலந்திகள், கணினி வரைகலையின் துணையோடு, மோட்டார் சைக்கிள்களைத் தாவிப் பிடிக்கின்றன.

பேருருவச் சிலந்தி திரையில் வியப்பை ஏற்படுத்துகிறதே தவிர, வீடு திரும்பிய பார்வையாளரைத் துரத்துவதில்லை. அப்படி ஒன்று தன் வீட்டில் இருக்க முடியாது என்பதை அவர் அறிவார். ஃபிராங்க் மார்ஷல் தேர்ந்தெடுத்த சிலந்திகள் உள்ளங்கைக்குள் அடங்குபவை. விளக்கின் மூடிக்குள்ளும், விளையாட்டு வீரரின் தலைக்கவசத்துக்குள்ளும், குளியலறையிலும், சோளப்பொரிக் கிண்ணத்திலும் அவை இருக்கின்றன. மெட்கஃபின் இறப்பைக் காட்டும் காட்சி இவ்வகையில் கருதத்தக்கது. இரவில் அந்த முதியவர் வீட்டுச் செருப்பை மாட்டப்போகிறார். அதனுள் சிலந்தி நுழைந்ததைப் பார்வையாளர் மட்டுமே கண்டிருக்கிறார். கால் செருப்பை நெருங்குவதும் விலகுவதுமாக நேரம் நீட்டப்படுகிறது. திரையில் இரத்தமோ அலறலோ இல்லாமல், ஒருவர் நாள்தோறும் செய்யும் மிகச் சாதாரணமான செயலே தாங்க முடியாத பதற்றமாக மாறிவிடுகிறது. படம் முடிந்த பிறகு தன் செருப்பை உதறிப் பார்க்காமல் கால் நுழைக்கப் பார்வையாளர் தயங்குவார் என்றால், அந்த வெற்றி முழுவதும் சிலந்தியின் சிறுமைக்கே உரியது.

சிரிப்பு பிறக்கும் இடம்

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை வகுத்து, ஒவ்வொன்றும் எவற்றிலிருந்து பிறக்கிறது என்றும் கூறுகிறது. அச்சம் பிறக்கும் நான்கு நிலைக்களன்களுள் விலங்கும் ஒன்று. நகை பிறக்கும் நான்கனுள் பேதைமையும் மடமையும் இடம்பெறுகின்றன. விலங்கைக் கண்டு எழும் அச்சமும், அந்த அச்சத்தில் மனிதன் வெளிப்படுத்தும் அறியாமையைக் கண்டு எழும் நகையும் ஒரே நிகழ்விலிருந்து தோன்ற முடியும் என்பதை இப்பகுப்பின் வழியே எளிதில் விளங்கிக்கொள்ளலாம். 'அராக்னோஃபோபியா' இரண்டையும் ஒரே காட்சிக்குள் வைக்கிறது: சிலந்தி அஞ்சத்தக்கதாகவே இருக்கிறது, மனிதர்கள் நகைக்கத்தக்கவர்களாக இருக்கிறார்கள். கதையில் சிலந்தியை வேடிக்கைப் பொருளாக்கியிருந்தால் அச்சம் அழிந்திருக்கும். படம் ஒருபோதும் அதைச் செய்வதில்லை.

நகைச்சுவையின் பெரும்பகுதியைச் சுமப்பவர் ஜான் குட்மேன் நடித்த டெல்பர்ட் மெக்ளின்டாக் என்னும் பூச்சி மருந்து அடிப்பவர். முதுகில் மருந்துக் குடுவையும் கையில் தெளிப்பானுமாக, போர்க்களத்துக்குச் செல்லும் தளபதியின் தோரணையோடு அவர் நுழைவதே சிரிப்பை வரவழைக்கிறது. ஆனால் அவர் சிலந்தியிடம் சிறிதும் அஞ்சாதவர். ஜெஃப் டேனியல்ஸ் நடித்த மருத்துவர் அச்சத்தால் உறைந்து நிற்கும் இடத்தில் அவர் காலணியால் வேலையை முடித்துவிட்டு நகர்கிறார். பார்வையாளர் அவரைக் கண்டு சிரிக்கும்போதே, தன் உள்ளத்திலும் அந்தத் துணிச்சலை வேண்டி நிற்கிறார். சிரிப்பு இவ்வாறு மூச்சுவிட இடம் தருவதால்தான் அடுத்த காட்சியின் அச்சத்தை முழுமையாக ஏற்க மனம் தயாராகிறது.

திரையில் நடித்த சிலந்திகள்

படத்தில் ஊரை முற்றுகையிடும் சிறு சிலந்திகளாக நடித்தவை பெரும்பாலும் உயிருள்ள சிலந்திகளே. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரைச் சார்ந்த ஏவன்டேல் என்னும் பகுதியின் பெயரால் ஏவன்டேல் சிலந்தி என்றழைக்கப்படும் இனத்தைச் சேர்ந்த முந்நூற்றுக்கும் மேற்பட்டவை இதற்காகக் கொண்டுவரப்பட்டன. டெலீனா கான்செரிடிஸ் என்பது இதன் அறிவியல் பெயர். தட்டையான உடலும் நீண்ட கால்களும் கொண்ட இது, வலை பின்னி இரைக்குக் காத்திராமல் ஓடி வேட்டையாடும் வகையைச் சேர்ந்தது. பார்ப்பதற்கு அச்சமூட்டும் அளவுக்குப் பெரியது என்பதும், மனிதருக்குத் தீங்கற்றது என்பதும், ஒன்றையொன்று தின்றுவிடாமல் கூட்டமாக வாழும் அரிய இயல்புடையது என்பதும் இத்தேர்வுக்குக் காரணங்கள். வெப்பத்தையும் குளிரையும் பயன்படுத்தி இவற்றை வேண்டிய திசையில் செலுத்தினர். காட்டிலிருந்து வந்த தலைமைச் சிலந்திக்கு உயிருள்ள பறவையுண்ணிச் சிலந்தியோடு, 'கிரெம்லின்ஸ்' படத்தின் பொம்மைகளை உருவாக்கிய கிறிஸ் வாலஸ் அமைத்த இயந்திரப் பொம்மைகளும் பயன்பட்டன.

இச்சிலந்தியின் வரலாறு படத்தின் கதையோடு வியக்கத்தக்க வகையில் ஒத்துப்போகிறது. இதன் தாயகம் ஆஸ்திரேலியா. அங்கே அகேசியா மரங்களின் தளர்ந்த பட்டைகளுக்கு அடியில் ஒரு தாயும் அதன் பல ஈட்டுக் குஞ்சுகளுமாகச் சேர்ந்து வாழ்கிறது. 1920களில், இறக்குமதியான மரக்கட்டைகளோடு இது நியூசிலாந்துக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது. கதையில் வரும் சிலந்தி மரப்பெட்டியில் கடல்கடந்து ஓர் ஊரில் குடியேறியது போலவே, அக்கதையில் நடித்த சிலந்தியும் மரத்தோடு கடல்கடந்து ஓர் ஊரில் குடியேறியது. அந்த ஊரில் யாரும் சாகவில்லை. மாறாக, ஊர் தன் பெயரையே அதற்குக் கொடுத்தது.

அறிவியல் ஏற்பனவும் மறுப்பனவும்

அயல்நாட்டு உயிரினங்கள் சரக்குகளோடு பயணம் செய்து புதிய நிலத்தில் வேரூன்றுவது உண்மை. ஆனால், திரையில் பறவையுண்ணியின் உருவில் காட்டப்படும் காட்டுச் சிலந்தியும் சாதாரண வீட்டுச் சிலந்தியும் இணைந்து கலப்பினம் பிறக்க வழியே இல்லை. பறவையுண்ணிகள் அடங்கிய பழம்பெரும் பிரிவும், வீட்டில் வலை பின்னும் சிலந்திகள் அடங்கிய பிரிவும் ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்து தனித்தனி வழியில் சென்றவை. எறும்புக் கூட்டத்தில் இருப்பதுபோல, இனம்பெருக்க இயலாத படைவீரர்கள் ஒரு தலைவனுக்குப் பணிசெய்வதாகப் படம் காட்டும் அமைப்பும் சிலந்திகளிடம் இல்லை. அறியப்பட்ட 50,000க்கும் மேற்பட்ட சிலந்தி இனங்களுள் நிலையான கூட்டு வாழ்க்கை நடத்துபவை மிகச் சிலவே. தென்னிந்தியாவின் வறண்ட முட்புதர்களில் கூட்டு வலை கட்டி வாழும் ஸ்டெகோடைஃபஸ் சரசினோரம் அவற்றுள் ஒன்று. அங்கேயும் இரையைச் சேர்ந்து பிடிப்பதும் குஞ்சுகளைச் சேர்ந்து பேணுவதும் உண்டு, ஊரைத் தாக்கும் படையெடுப்பு இல்லை.

மலையளவுச் சிலந்தியை அறிவியல் இன்னும் உறுதியாக மறுக்கிறது. உடலின் நீள, அகல, உயரங்கள் பத்து மடங்கானால் எடை ஆயிரம் மடங்காகிறது; அதைத் தாங்க வேண்டிய கால்களின் குறுக்குப் பரப்போ நூறு மடங்கு மட்டுமே கூடுகிறது. மேலும், சிலந்தியின் கால்களில் சில முக்கிய மூட்டுகளை மடக்கத் தசை உண்டு, நீட்டத் தசை இல்லை. உடல்நீரின் அழுத்தத்தை ஏற்றியே அவற்றை அது நீட்டுகிறது. இறந்த சிலந்தியின் கால்கள் உட்புறமாகச் சுருண்டு கிடப்பது அந்த அழுத்தம் இல்லாமல் போவதால்தான். அத்தகைய உடலமைப்பு பேருருவத்தை இயக்க வல்லது அன்று.

ஆபத்தின் உண்மை அளவு

ஏறத்தாழ எல்லாச் சிலந்திகளுக்கும் நஞ்சு உண்டு. ஆனால் அது பூச்சிகளை வீழ்த்த உருவானது, மனிதரைக் கடுமையாகத் தாக்க வல்லவை மிகச் சிலவே. அவற்றுள் மிக அஞ்சப்படும் சிட்னி ஃபனல்வெப் சிலந்தியால் 1927க்கும் 1980க்கும் இடையில் 13 பேர் இறந்ததாகப் பதிவுகள் உள்ளன. 1981இல் ஸ்ட்ரூவன் சதர்லேண்ட் உருவாக்கிய நஞ்சுமுறிவு மருந்து பயன்பாட்டுக்கு வந்தபின் அச்சிலந்தியால் உறுதிசெய்யப்பட்ட இறப்பு எதுவும் இல்லை. அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில் ஒரு குடும்பம் வாழ்ந்துவந்த வீட்டில், 2001இல் ஆறு மாதங்களில் 2,055 பழுப்பு ரெக்ளூஸ் சிலந்திகள் பிடிக்கப்பட்டன. தோல் அழுகும் புண்ணை ஏற்படுத்தக்கூடியவை என்று அஞ்சப்படும் அவை அத்தனை இருந்தும், அக்குடும்பத்தில் ஒருவருக்கும் நஞ்சேறியதற்கான அறிகுறி தென்படவில்லை.

சிலந்திகள் கூட்டமாக ஊருக்குள் வரும் காட்சியும் உலகில் நிகழத்தான் செய்கிறது. 2021 ஜூனில் ஆஸ்திரேலியாவின் கிப்ஸ்லாண்ட் பகுதியில் வெள்ளம் பெருகியபோது, நிலத்தில் வாழும் சிலந்திகள் உயிர் பிழைக்கப் புல்லின் மீதும் செடிகளின் மீதும் ஏறி இழைகளை வீச, சாலையோரங்கள் நெடுந்தொலைவுக்கு வெண்பட்டு விரிப்பால் மூடப்பட்டன. அங்கே சிலந்திகள் படையெடுத்து வரவில்லை, வெள்ளத்துக்கு அஞ்சி ஓடி வந்தன.

அச்சத்தின் வேரும் மருந்தும்

ஆபத்து இவ்வளவு குறைவாக இருந்தும் அச்சம் ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்ற கேள்விக்கு உளவியலார் ஒன்றுக்கு மேற்பட்ட விடைகளைத் தருகின்றனர். முன்னோர்க்கு ஊறு விளைவித்த சில உயிரினங்களுக்கு விரைவில் அஞ்சக் கற்றுக்கொள்ளும் இயல்பு மனித மூளையில் முன்கூட்டியே அமைந்துள்ளது என்பது 1971இல் மார்ட்டின் செலிக்மன் முன்வைத்த கருத்து. சிலந்தியிடம் எழுவது அச்சத்தைவிட அருவருப்பே என்றும், நோயையும் அழுக்கையும் விலக்கும் உணர்வோடு அது தொடர்புடையது என்றும் கிரகாம் டேவி வாதிட்டார். இறந்தவரின் மூக்கிலிருந்து சிலந்தி வெளிவருவதாக மார்ஷல் வைத்த காட்சியில், அச்சமும் அருவருப்பும் பிரிக்க முடியாதபடி ஒன்றாகவே எழுகின்றன.

இந்த அச்ச நோய்க்குச் சிறந்த மருந்தாக அறியப்பட்டிருப்பது, அஞ்சும் பொருளைப் பாதுகாப்பான சூழலில் படிப்படியாக எதிர்கொள்ளச் செய்யும் பயிற்சி. சுவீடன் உளவியலார் லார்ஸ் யோரான் ஓஸ்ட் இதனை மூன்று மணி நேரத்துக்குள் முடியும் ஒரே அமர்வாக வடிவமைத்தார். முதலில் சிலந்தியைக் கண்ணாடிக் குவளையால் கவிழ்த்து மூடி, அடியில் ஓர் அட்டையைச் செருகி வெளியே விடப் பழக்குவர். பிறகு விரலால் தொடவும், இறுதியில் கையில் ஊரவிடவும் பயிற்சி அளிப்பர். ஒவ்வொரு படியிலும் நடக்குமென்று எதிர்பார்த்த பேரிடர் நடக்கவில்லை என்பதை மனம் தானே கண்டுகொள்கிறது. படத்தின் உச்சக் காட்சியில், தன் வீட்டின் மதுவறைக்குள் விழுந்து அசைய முடியாமல் கிடக்கும் ஜென்னிங்ஸின் உடல்மீது தலைமைச் சிலந்தி ஊர்ந்து வருகிறது. தொட்டில் நினைவு மீண்டும் உயிர்பெறும் அந்தக் கணத்தில் அவர் உறைந்துவிடாமல் செயல்படுகிறார். தீப்பற்றிய சிலந்தியை ஆணி அடிக்கும் கருவியால் வீழ்த்த, அங்கிருந்த முட்டைப் பையும் எரிந்துபோகிறது. அவருடைய வெற்றி சிலந்தியைக் கொன்றதில் தொடங்கவில்லை; அது தன்மேல் ஊரும்போதும் அறிவை இழக்காமல் இருந்ததில் தொடங்கியது.

அச்சத்தில் அறிவை இழக்காமல் இருப்பதன் தேவை சினிமாவுக்கு வெளியிலும் பெரிது. 2012இல் அசாமின் சதியா பகுதியில் சிலந்திகள் திரண்டு கடிப்பதாகப் பீதி பரவி, இருவரின் இறப்பு அவற்றோடு தொடர்புபடுத்தப்பட்டது. அங்கே சென்ற ஆய்வாளர்களால் சிலந்தி நஞ்சே காரணம் என்று உறுதிசெய்ய முடியவில்லை. கடிபட்ட இடத்தைக் கீறி இரத்தம் எடுத்த நாட்டு வைத்தியமே கேடு செய்திருக்கலாம் என்ற ஐயமும் எழுந்தது. அளவு தெரியாத அச்சம், ஆபத்தைவிடப் பெரிய ஆபத்தாக மாறக்கூடும். உலகின் சிலந்திகள் ஆண்டுதோறும் 40 கோடி முதல் 80 கோடி டன் வரையிலான இரையைத் தின்கின்றன என்று 2017இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அந்த இரையில் பெரும்பகுதி பூச்சிகள். பயிரையும் வீட்டையும் காக்கும் இத்தகைய உயிரினத்தைப் பகையாக்கிக்கொள்வதால் மனிதருக்கு இழப்பே மிஞ்சும்.

'அராக்னோஃபோபியா' சிலந்திகளைப் பற்றிச் சொல்வதில் பாதிக்கு மேல் கற்பனை. அச்சத்தைப் பற்றிச் சொல்வதோ பெரும்பாலும் உண்மை. அச்சம் ஆபத்தை அளந்து எழுவதில்லை, அது தவறான இடத்திலும் விழும், அதைக் கண்டு சிரிக்க முடிகிற மனத்தால் அதை வெல்லவும் முடியும் என்பதை இப்படம் ஓர் ஊரின் கதையாக விளக்குகிறது. அந்த வகையில் இதன் நகைச்சுவை திகிலுக்கு இடையே வைத்த இளைப்பாறல் மட்டும் ஆகாது. அச்சத்திலிருந்து அறிவுக்குச் செல்லும் வழியின் முதற்படியும் அதுவே.